திண்ணையும் பள்ளியும்: சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுக் கல்வியும் பொதுக் கல்வியும்

முன்னுரை

பிள்ளைக்குக் கற்பிக்கும் முதற்கடமை பெற்றோருடையது என்பது திருமறையை அறிந்தோர்க்குப் புதிய செய்தியன்று. உபாகமம் ஆறாம் அதிகாரம் அக்கடமையைக் குடும்ப வாழ்வின் நடுவிலேயே வைத்துப் பேசுகிறது. தீமோத்தேயு தம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் விசுவாசத்தைக் கற்றவர். எனினும் அதே திருமறையில் அன்னாள் தன் மகன் சாமுவேலைச் சீலோவிலே ஏலியின் பொறுப்பில் விட்டுவிட்டுத் திரும்புகிறாள். வீடு, பொதுவிடம் ஆகிய இரண்டும் பிள்ளையை உருவாக்கும் இடங்களாகவே அங்குக் காணப்படுகின்றன.

நம் நாளில் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கும் நிலை தோன்றியுள்ளது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் தமிழகத்தில் சிலவாயினும் இருக்கின்றன. அவற்றுள் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. மறுபுறம், ஆண்டுதோறும் சூன் திங்களில் அரசுப் பள்ளி ஆசிரியரும், உதவிபெறும் பள்ளி ஆசிரியரும் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைச் சேர்க்கும்படி வேண்டுகின்றனர். ஆகஸ்டு முதல் நாளில் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் உள்ளதோ அதை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் கணக்கிடப்படுகின்றன. பெயர்கள் குறைந்தால் ஆசிரியர் 'உபரி' ஆகின்றார். எனவே ஒரு பிள்ளை பள்ளியை விட்டு விலகுவது அப்பிள்ளையின் வீட்டுக்குள் முடிந்துவிடும் செய்தியன்று.

இவ்வழக்கு மேனாட்டிலிருந்து அண்மையில் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. சேலம், நாமக்கல் சமவெளியின் கல்வி வரலாற்றை நோக்கின், வீட்டுக் கல்விக்கும் பொதுப் பள்ளிக்கும் இடையே, சேர்க்கையையும் பணத்தையும் முன்னிட்டு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இழுபறி நிகழ்ந்து வந்திருப்பது புலனாகும். அதன் முக்கியக் கட்டங்களை ஆராய்ந்து, திருச்சபை அதிலிருந்து கற்க வேண்டியது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றோவின் கணக்கு

சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ இப்பகுதிக்கு அயலார் அல்லர். 1792ஆம் ஆண்டு பாராமகால் ஆங்கிலேயர் வசமானபின், கேப்டன் ரீடுக்கு உதவியாளராகத் தருமபுரிப் பகுதியில் ஏழாண்டுகள் நிலவரித் திட்டத்தில் உழைத்தவர். அவர் ஆளுநரானபின் 1822ஆம் ஆண்டு சூன் திங்களில், நாட்டுப் பள்ளிகளின் எண்ணிக்கை, பயில்வோர் தொகை, ஆசிரியர் பெறும் ஊதியம் ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு சேலம் உட்பட எல்லா மாவட்ட ஆட்சியர்களையும் பணித்தார். விடைகள் வந்து சேர ஆண்டுகள் சில ஆயின. 1826ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாளிட்ட குறிப்பில் அவற்றின் தொகுப்பை மன்றோ தருகின்றார். மாகாணத்தில் பள்ளிகள் 12,498, பயில்வோர் 1,88,650.

இக்கணக்கில் நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. சென்னை நகரில் பள்ளியில் பயின்றோர் 5,523 பேர் என்றும், வீட்டிலேயே பயின்றோர் 26,963 பேர் என்றும் ஆட்சியர் எழுதியிருந்தார். பின்னைய தொகையில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று மன்றோ ஐயுற்றார். ஆயினும் உறவினராலோ தனி ஆசிரியராலோ வீட்டில் கற்பிக்கப்படுதல் நாட்டின் எப்பகுதியிலும் அரிதன்று என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள சிறுவருள் நான்கில் ஒரு பங்கினர்க்குச் சற்று மிகுதியானோரே பள்ளியில் இருந்தனர். வீட்டில் பயில்வோரையும் சேர்த்தால் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் என்பது அவர் முடிவு. ஆகவே பொதுக் கல்வியைக் கணக்கிட முற்பட்ட முதல் முயற்சியிலேயே, கணக்கில் அடங்காத வீட்டுக் கல்வி ஆட்சியாளரை எதிர்கொண்டது.

அக்காலப் பள்ளியும் ஏறக்குறைய வீடேயாகும். ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையிலோ ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலோ அது நடந்தது. மணலில் எழுதி, ஓலையில் படித்து, எண்சுவடியை மனப்பாடம் செய்வது பாடமுறை. பிள்ளைகளை அனுப்பிய வீட்டார் காசும் தானியமும் கொடுத்தனர். ஆசிரியர் பெற்றது பொதுவாக மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேற்படவில்லை என்று மன்றோ எழுதுகின்றார். ஊதியத்தின் இக்குறைவே கல்வியின் தாழ்நிலைக்கு ஒரு காரணம் என்று கருதி, ஒவ்வொரு தாசில்தாரி வட்டத்திலும் அரசு ஊதியம் பெறும் ஒரு பள்ளியை ஏற்படுத்தி, அதன் ஆசிரியர்க்கு மாதம் ஒன்பது ரூபாய் தர அவர் திட்டமிட்டார். 1827ஆம் ஆண்டு சூலையில் வாந்திபேதியால் மன்றோ இறந்தார். அப்பள்ளிகளும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1836ஆம் ஆண்டில் கைவிடப்பட்டன. எனினும் வீட்டார் தந்த பணத்தால் நடந்த கல்வியின் அருகே அரசுப் பணத்தால் நடக்கும் கல்வி வந்து நின்றது அப்போதுதான்.

திண்ணைக் கல்வியை நாட்டின் பொற்காலமாகப் போற்றுவோர் உளர். அதன் சிறப்பை நாம் மறுக்க வேண்டுவதில்லை. ஊரார் தம் பொருளைக் கொண்டு தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் கற்பித்தனர். ஆனால் அத்திண்ணை ஒரு வீட்டின் திண்ணை என்பதை மறத்தலாகாது. வீட்டிற்குள் யாருக்கு இடமில்லையோ அவர்க்குத் திண்ணையிலும் இடமில்லை. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பொதுவாக அங்கு அமர இயலவில்லை. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே பயின்றனர்.

மானியமும் பதிவேடும்

இலண்டன் மிஷன் சங்கம் 1827ஆம் ஆண்டில் ஹென்றி கிறிஸ்ப் ஐயர் மூலம் சேலத்தில் பணி தொடங்கியது. 1840ஆம் ஆண்டில் சேலம் வந்து 1861ஆம் ஆண்டில் மறைந்த லெக்லர் ஐயரின் காலத்தில் தொழிற்பள்ளி ஒன்று சிறப்புற்றது. தச்சு முதலான கைத்தொழில்கள் அங்கே கற்பிக்கப்பட்டன. இதனை மனத்தில் இருத்திக் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம். தந்தை வழியாக எத்தொழிலும் வாய்க்காத பிள்ளை, தன் வீட்டில் கிட்டாத தொழிலைப் பள்ளியில் கற்றான். ஒரு நூற்றாண்டிற்குப்பின் இம்மாவட்டத்தவர் ஒருவர் வகுத்த திட்டத்தோடு இதனை ஒப்பிட வேண்டியிருக்கும்.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, தனியாரும் மிஷன்களும் நடத்தும் பள்ளிகளுக்கு அரசு மானியம் அளிக்கும் முறையைத் தோற்றுவித்தது. சென்னை மாகாணத்தில் அடுத்த இருபதாண்டுகளுக்குள், தேர்வு முடிவுகளை வைத்து மானியம் அளிக்கும் முறையும் பரவிற்று. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார், தேறியோர் தொகைக்கு ஏற்பப் பணம் வரும். பல திண்ணை ஆசிரியர்கள் இம்முறைக்குள் வந்தனர். நாட்டுப் பள்ளிகளை மானிய அமைப்பிற்குள் இழுப்பதில் சென்னை மாகாணம் முனைந்து நின்றதை 1882ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் குழுவின் ஆய்வும் காட்டுகிறது.

இதன் விளைவு யாது? அதுவரை ஆசிரியர் வீட்டாருக்கே கணக்குக் கொடுத்தார். இனி ஆய்வாளருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டியவரானார். பிள்ளை ஒருவன் நிலக்கடலை பறிக்கும் காலத்தில் வயலுக்குப் போவது, முன்னர்த் தந்தையின் உரிமை. இப்போது அது ஆசிரியரின் வருமானக் குறைவு. தறி வீட்டில் தார் சுற்றப் பிள்ளை வேண்டும். பதிவேட்டில் பெயர் நிற்கவும் பிள்ளை வேண்டும். வீட்டிற்கும் பள்ளிக்கும் இடையே இன்று நாம் காணும் பூசலின் வேர் இங்கேயே உள்ளது. பணம் பிள்ளையின் தலைக்கணக்கில் வரத் தொடங்கியதும், பிள்ளை இருவருக்கும் பொருள் ஆயிற்று.

ஆயினும் அதே பணமே, வீட்டுத் திண்ணை செய்யாத ஒன்றைச் செய்தது. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் அரசிற்கு அளித்த குறிப்பைத் தொடர்ந்து, 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த கல்வித்துறை ஆணை, அந்நாளில் பஞ்சமர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகளை வழங்கியது. சேரிகளில் மிஷன்கள் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளுக்கு இது துணையாயிற்று. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களையும் கல்வி வரியையும் ஏற்படுத்திற்று. பிள்ளை இல்லாத வீட்டாரும், பிள்ளையைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பாத வீட்டாரும் பிறர் பிள்ளையின் படிப்பிற்காக வரி செலுத்தும் கடமை இவ்வாறு நிலைபெற்றது.

மலைமேல் ஒரு வீட்டுப் பள்ளி

சேந்தமங்கலச் சமவெளியின் மேல் எழுந்து நிற்கும் கொல்லிமலையில் ஒரு சிறந்த வீட்டுக் கல்வியின் வரலாறு உண்டு. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் எவெலினும் 1913ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டு அம்மலையில் குடியேறினர். 1914ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் பிறந்து அம்மலையில் வளர்ந்த மகன் பால், ஒன்பது வயது வரை எந்தப் பள்ளிக்கும் செல்லவில்லை. தாயே ஆசிரியை, மலையும் மரங்களும் பாடநூல்கள். 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்ட அச்சிறுவனே பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்த மருத்துவர் பால் பிராண்ட். வீட்டில் கற்ற பிள்ளை அறிவில் குன்றுவான் என்று கூறுவோர்க்கு இது போதிய விடையாகும்.

ஆனால் கதையின் மறுபாதியையும் நாம் சொல்ல வேண்டும். தம் பிள்ளைகளுக்கு வீட்டில் கற்பித்த அத்தம்பதியர், மலைவாழ் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை நிறுவினர். எழுத்தோடு தச்சு போன்ற தொழில்களையும் கற்பித்தனர். தங்கள் பிள்ளைக்குத் தாயின் கல்வி கிடைத்தது. கற்ற தாய் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஜெஸ்ஸி 1929ஆம் ஆண்டில் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். எவெலின் அம்மையார் 1974ஆம் ஆண்டில் மறையும் வரை மலைமக்களோடு உழைத்தார். வீட்டுக் கல்வியையும் பொதுக் கல்வியையும் ஒரே குடும்பம் முரணின்றித் தாங்க இயலும் என்பதற்கு இஃதொரு சான்று.

1953: அரைநாள் வீடு, அரைநாள் பள்ளி

இவ்வழக்கு மாகாணம் முழுவதையும் உலுக்கிய ஆண்டு 1953. அதன் நடுவில் நின்றவர் இம்மண்ணுக்கு உரியவர். இராஜாஜி 1878ஆம் ஆண்டில் அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கினார். 1917ஆம் ஆண்டில் சேலம் நகராட்சித் தலைவரானார். 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1952ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார்.

அவர்முன் நின்ற இடர் உண்மையானது. பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45ஆம் கூறு பணித்திருந்தது. பிள்ளைகள் பலர், பள்ளிகளும் ஆசிரியர்களும் சிலர், பணம் குறைவு. 1937ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948ஆம் ஆண்டிற்குள் மாகாணம் முழுவதும் விரிந்து, கலால் வருவாயை நிறுத்திவிட்டிருந்தது. இந்நிலையில் இராஜாஜி 1953ஆம் ஆண்டு சூனில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைச் செயற்படுத்தினார். பிள்ளைகள் இரு பிரிவினராவர். ஒவ்வொரு பிரிவினரும் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரிடம் அவர்தம் தொழிலைக் கற்பர். அதே கட்டடத்திலும் அதே ஆசிரியராலும் இருமடங்கு பிள்ளைகள் பயில இயலும். பெற்றோர் தொழில் இல்லாதவரின் பிள்ளைகள் ஊரிலுள்ள பிற தொழிலாளரிடம் சேரலாம்.

திட்டத்தின் நோக்கத்தில் வஞ்சகம் இருந்தது என்று நாம் கூறத் துணியோம். வீடும் தொழிலும் கல்வியின் பகுதிகளே என்ற கருத்தில் உண்மையும் உண்டு. காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதே. ஆனால் வேறுபாடு பெரிது. காந்தியடிகள் தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். லெக்லர் ஐயரும் அவ்வாறே செய்தார். பள்ளிக்குள் வந்த தொழில் எல்லாப் பிள்ளைக்கும் பொது. இராஜாஜியின் திட்டமோ பிள்ளையைத் தொழிலிடம், அதாவது தந்தையிடம், திருப்பி அனுப்பிற்று. இச்சமவெளியில் தந்தையின் தொழிலைச் சாதியே முடிவு செய்தது. செருப்புத் தைப்பவரின் மகன் அரைநாள் என்ன கற்பான், பிறர் வயலில் கூலி வேலை செய்பவரின் மகள் அரைநாள் என்ன கற்பாள் என்ற வினாவுக்குத் திட்டத்தில் நிறைவான விடை இல்லை. ஊர்ப்புறத்துக்கு மட்டுமே இது. நகரத்துப் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி நீடித்தது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பாளர் இதற்குச் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

பெரியாரும் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும், பொதுவுடைமையரும், காங்கிரசிலேயே ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். 1953ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு இருபுறமும் 138 வாக்குகள் சமமாக விழுந்தன; அவைத்தலைவரின் வாக்கால் தீர்மானம் தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் விடவேண்டும் என்ற தீர்மானமோ 139க்கு 137 என்ற கணக்கில் வென்றது. பாருலேகர் தலைமையிலான குழு நவம்பரில் திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. ஆயினும் மக்கள் மனம் மாறவில்லை. 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானார், மே 18ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் காணும் பாடம் ஒன்றே. வீட்டின் பெருமையைப் பேசி அரசு தன் செலவைக் குறைத்துக்கொண்டபோது, அச்செலவு மறைந்துவிடவில்லை. மிக ஏழையான வீட்டின் மீது அது இறங்கிற்று. கற்ற தந்தையின் வீட்டில் அரைநாள் என்பது கூடுதற் கல்வி. கூலித் தந்தையின் வீட்டில் அது குறைந்த கல்வி.

உணவும், முட்டையும், விடுதியும்

காமராசர் ஆட்சியில் 1956ஆம் ஆண்டு முதல் மதிய உணவு பள்ளிகளில் பரவிற்று. 1982ஆம் ஆண்டு சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. பெற்றோருக்கும் பள்ளிக்கும் இருந்த பூசலை இவை ஆழ்ந்த முறையில் தீர்த்தன. பிள்ளை பள்ளிக்குச் சென்றால் வீட்டில் ஒரு கை குறையும் என்பது ஏழையின் கணக்கு. பள்ளியே உணவளித்தபோது வீட்டில் ஒரு வாயும் குறைந்தது. தண்டனை கொண்டு பிள்ளைகளைச் சேர்க்காமல், வீட்டின் சுமையைப் பகிர்ந்து சேர்த்த முறை இது.

1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் சேலத்தினின்று பிரிந்த நாமக்கல் மாவட்டம் மற்றொரு போக்கைக் காட்டுகிறது. கோழிப் பண்ணையாலும் லாரித் தொழிலாலும் செழித்த இப்பகுதியில் விடுதியோடு கூடிய தனியார் மேனிலைப் பள்ளிகள் பெருகின. பொதுத் தேர்வில் மாநில முதலிடங்களைப் பெறும் பள்ளிகள் என்று புகழ்பெற்று, தமிழகமெங்கும் இருந்து பிள்ளைகளை ஈர்த்தன. காலை முதல் இரவு வரை ஓய்வின்றிப் படிக்க வைக்கும் முறையைக் கண்டு 'பிராய்லர் பள்ளி' என்று மக்கள் ஏளனமும் செய்தனர். 2017ஆம் ஆண்டில் மாநில அரசு தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. இங்கே வீடு பிள்ளையை முற்றிலும் பள்ளிக்கு ஒப்படைத்துவிட்டது எனலாம். ஆனால் ஒப்படைக்கப்பட்ட இடம் பொதுப் பள்ளியன்று. நாமக்கல் பண்ணைகளின் முட்டை அரசுப் பள்ளியின் சத்துணவுத் தட்டுக்குச் செல்கிறது. பண்ணை உரிமையாளரின் பிள்ளையோ பெரும்பாலும் அத்தட்டின்முன் அமர்வதில்லை. பொதுப் பள்ளி ஏழைகளின் பள்ளியாகச் சுருங்கிற்று. பேசத் தெரிந்த பெற்றோர் விலகியபின், கழிப்பறை இல்லை, ஆசிரியர் இல்லை என்று கேட்பதற்கும் ஆள் குறைந்தது.

இன்றைய நிலை

2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கூறும் அச்சட்டம், சேர்க்காத பெற்றோர்க்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை. வீட்டில் பயின்றோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ, மாநிலத் தேர்வுகளில் தனித்தேர்வராகவோ சான்றிதழ் பெறுகின்றனர். இதற்கென அரசு மானியம் இல்லை.

மேனாடுகள் இதில் ஒருமைப்பட்டுவிடவில்லை. அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் வீட்டுக் கல்விக்குச் சட்ட இசைவு உண்டு. செருமனியிலோ பள்ளி வருகை கட்டாயம். சமயக் காரணம் காட்டி வீட்டில் கற்பிக்க விரும்பிய ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் ஏற்கவில்லை. வெவ்வேறு பின்னணியினர் ஒன்றாகக் கலந்து வளர்வதும் பொது நன்மையே என்ற வாதத்தை அது மதித்தது.

நம் நாட்டுச் சட்டம் மற்றொரு வழியாகவும் பணத்தைப் பிள்ளையோடு பிணைத்தது. சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும். அரசு கட்டணத்தை ஈடு செய்யும். 2014ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. இவ்விலக்கை மனநிறைவோடு வரவேற்ற நம் நிறுவனங்கள், அவ்வேழைப் பிள்ளைகளைத் தாமாக முன்வந்து சேர்த்தனவா என்பது நாம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி. 2024-25ஆம் ஆண்டில் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட உடன்பாட்டில் தமிழக அரசு கையெழுத்திடாததை முன்னிட்டு ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா நிதியை நிறுத்தி வைத்தது. 2025ஆம் ஆண்டில் 25 விழுக்காட்டுச் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவில்லை. இரண்டு அரசுகள் பொருதியபோது காத்து நின்றவை எளியோர் வீட்டுப் பிள்ளைகளே.

இடையில், யாரும் விரும்பாத ஒரு சோதனை நிகழ்ந்தது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டு, நாடெங்கும் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக் கல்விக்கு ஆளாயினர். கைப்பேசியும் கற்ற பெற்றோரும் உள்ள வீட்டில் பாடம் நடந்தது. அவையில்லா வீட்டில் பிள்ளை தறிக்கும் பட்டறைக்கும் சென்றான். இதன் இழப்பை ஈடுசெய்ய 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிற்று. ஊரிலுள்ள படித்த பெண்கள் தன்னார்வலராக, மாலை வேளையில், தம் வீட்டிலோ தெருவிலோ பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அரசுப் பள்ளி மீண்டும் திண்ணைக்கு வந்தது. ஆனால் பழைய திண்ணை விலக்கிய பிள்ளையும் இப்போது அதில் அமர இடம் பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றினின்று மூன்று கருத்துகளைத் திருச்சபையின் சிந்தனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, வீட்டில் கற்பிக்கும் பெற்றோரை நாம் பகைவராக எண்ணலாகாது. திருமறை அவர்க்குத் தந்த கடமையை அவர்கள் மெய்யாகவே மேற்கொள்கின்றனர். ஆனால் அக்கடமை தம் வாயிற்படியோடு முடிவதன்று. பிராண்ட் தம்பதியர் செய்ததுபோல், தம் பிள்ளைக்குக் கற்பிக்கும் தாயும் தந்தையும் அயலாரின் பிள்ளைக்கான பள்ளியையும் தாங்க வேண்டும்.

இரண்டாவது, பொதுப் பள்ளி நடத்துவோர் பிள்ளையை எண்ணிக்கையாகக் காண்பதை விட வேண்டும். பணியிடத்திற்காகப் பெயரைத் தேடிப் போகும் ஆசிரியரைப் பெற்றோர் அறிந்துகொள்கின்றனர். நம் உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில் வகுப்பறைகள் வெறுமையாகி வருவதற்கு வீட்டுக் கல்வியோ ஆங்கிலப் பள்ளியோ மட்டும் காரணம் அல்ல. அங்கே கற்பித்தல் நன்றாக நடக்கிறது என்ற நம்பிக்கை குறைந்ததும் காரணமாகும். மானியம் ஆசிரியருக்கு ஊதியம் தரும்; பெற்றோரின் நம்பிக்கையைத் தராது.

மூன்றாவது, எத்திட்டம் வந்தாலும், அதை அளக்க ஓர் அளவுகோலை இவ்வரலாறு நமக்குத் தருகிறது. கற்பிக்க ஆளில்லாத வீட்டின் பிள்ளைக்கு அதனால் என்ன நேரும்? 1826ஆம் ஆண்டின் கணக்கில் அப்பிள்ளை இல்லை. 1953ஆம் ஆண்டின் திட்டத்தில் அவன் அரைநாளை இழந்தான். 1956ஆம் ஆண்டில் அவனுக்கு உணவு கிடைத்தது. 2020ஆம் ஆண்டில் மீண்டும் அவனே முதலில் இழந்தான். வீட்டின் உரிமை, அரசின் உரிமை என்று இருதரப்பாரும் வழக்காடும்போது, இவனுக்காகப் பேச ஒருவர் வேண்டும்.

நம் சபைகளுக்கு ஊர்தோறும் ஆலயமும், அதை ஒட்டி ஒரு தாழ்வாரமும், மாலையில் எரியும் விளக்கும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற ஆறு நாட்களிலும் அத்தாழ்வாரங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உளர். வீட்டில் கற்பித்துப் பழகிய தாய்மார் உளர். பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் அடுத்த தெருவிலேயே உளர். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோராக அமரும் உரிமையும் நம் மக்களுக்கு உண்டு. இவற்றை ஒன்று சேர்ப்பதற்கு அரசாணையோ மானியமோ வேண்டுவதில்லை. வரும் கல்வியாண்டு தொடங்குமுன் ஒவ்வொரு சபைச் செயற்குழுவும் இதனைத் தன் நிகழ்ச்சி நிரலில் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.